தூசிக்குப் பின்னால் ஒரு கொத்து: டெர்சான் 5 பற்றிச் சில குறிப்புகள்

தனுசு மண்டலத்தில் எம் 22 என்று ஒரு விண்மீன் கொத்து இருக்கிறது. 1665-லேயே ஆபிரகாம் ஈலே என்ற ஜெர்மானியர் அதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார். நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் நல்ல பைனாகுலர் இருந்தால் நாமும் பார்க்கலாம். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு மங்கல் உருண்டை. லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு உருண்டையாகக் கூடி நிற்பதால் இவற்றுக்குக் கோளக விண்மீன் கொத்து என்று பெயர். சுருக்கமாகக் கோளகக் கொத்து என்றே எழுதுகிறேன்.

அதே தனுசில் இன்னொன்று இருக்கிறது. பெயர் டெர்சான் 5. எம் 22-ஐவிட எடை அதிகம். சுமார் 20,000 ஒளியாண்டு தூரம், அதாவது எம் 22-ஐப் போல இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்காகும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே யாராவது இதைக் கண்டிருக்க வேண்டும். ஆனால் கண்டது 1968-ல். ஈலேக்குப் பிறகு 303 வருஷம்!

காரணம் தூசி. வீட்டு அலமாரியில் படியும் தூசியைவிட மிக மிக நுண்ணியது. கரியும் சிலிக்கேட்டும் கலந்த, ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்கள். நமக்கும் டெர்சான் 5-க்கும் நடுவே இருக்கிற தூசி அதன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சுமார் 7 மேக்னிட்யூட் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. கணக்குப் போட்டால், அங்கிருந்து 600 பங்கு ஒளி புறப்பட்டால் நமக்கு வந்து சேர்வது கிட்டத்தட்ட ஒரு பங்கு. தூசி மட்டும் இல்லையென்றால் இந்தக் கொத்து சாதாரண பைனாகுலருக்கே சிக்கியிருக்கும்.

இந்தத் தூசியை வானியலாளர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், அதற்கு முன்னால் புரிந்துகொள்ளாமல் என்னவெல்லாம் நினைத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. டெர்சான் 5 அதற்கு ஒரு சாக்கு.

ஷாப்லியின் வெற்றிடம்

1910-களில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஹார்லோ ஷாப்லி என்ற இளைஞர் கோளகக் கொத்துகளின் தூரத்தை அளந்துகொண்டிருந்தார். கொத்துக்குள் சில விண்மீன்கள் சீரான கால இடைவெளியில் கூடிக் குறைந்து ஒளிரும். அவற்றின் உண்மையான பிரகாசம் எவ்வளவு என்று தெரிந்தால், இங்கே எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இப்படி 69 கொத்துகளை அவர் வரைபடத்தில் குறித்தார். அவை சூரியனைச் சுற்றிச் சமமாகப் பரவி இருக்கவில்லை. பெரும்பாலானவை வானத்தின் ஒரு பாதியில், தனுசு திசையில் குவிந்திருந்தன. அப்படியென்றால் பால்வீதியின் மையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, சூரியன் எங்கேயோ ஒரு ஓரத்தில் இருக்கிறது என்று 1918-ல் முடிவுக்கு வந்தார். சூரியனை விளிம்புக்குத் தள்ளிய முடிவு இது. மிகச் சரியான முடிவும்கூட.

அதே வரைபடத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. பால்வீதியின் தட்டையான தளத்தை ஒட்டிய பட்டையில் கோளகக் கொத்து ஒன்றுகூட இல்லை. தளத்துக்கு மேலே இருக்கின்றன, கீழே இருக்கின்றன. நடுவில் சுத்தமாகக் காலி.

தமிழில் "காணோம்" என்று ஒரு சொல் இருக்கிறது, பாருங்கள். நேர்ப்பொருள் "நாங்கள் பார்க்கவில்லை" என்பதுதான். ஆனா புழக்கத்தில் "பொருள் அங்கே இல்லை" என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். ஷாப்லி செய்ததும் அதேதான். நடுப்பட்டையில் கொத்துகளைக் காணோம், ஆகவே அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். கோளகக் கொத்துகள் பால்வீதித் தளத்துக்குள் நுழையும்போது அங்கிருக்கும் விண்மீன்களின் ஈர்ப்பில் சிதறி, தளர்ந்த திறந்த கொத்துகளாக மாறிவிடுகின்றன என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோளகக் கொத்து மேலேயும் கீழேயும் உண்டு, திறந்த கொத்து தளத்திலேயே உண்டு. இரண்டும் ஒரே விளக்கத்தில் அடங்கிவிடுகின்றன.

ஷாப்லி தூசியைப் பற்றி யோசிக்காமல் விட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. யோசித்தார், சோதித்தும் பார்த்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தூசி நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. புகைமூட்டத்தில் சூரியன் சிவந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் வழியில் தூசி இருந்தால் தூரத்து விண்மீன்கள் எல்லாம் சிவந்து தெரிய வேண்டும். ஷாப்லி எம் 13 என்ற கொத்தில் மங்கலான விண்மீன்களின் நிறத்தை அளந்தார். அங்கே தெளிவான நீல விண்மீன்கள் இருந்தன. ஆகவே இத்தனை தூரம் கடந்து வந்தும் ஒளி சிவக்கவில்லை, விண்வெளி தெளிவாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

சோதனையில் குறை இல்லை. அளவீடும் சரி. ஆனால் எம் 13 இருப்பது ஹெர்குலிஸ் மண்டலத்தில், பால்வீதித் தளத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் விலகி. அந்தத் திசையில் உண்மையிலேயே தூசி சொற்பம். தூசி இல்லாத ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வீடு முழுக்கத் தூசி இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அதன் விலை என்ன? 1920 ஏப்ரல் 26-ல் வாஷிங்டனில் ஷாப்லிக்கும் ஹீபர் கர்டிஸுக்கும் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், பால்வீதியின் குறுக்களவு சுமார் 3 லட்சம் ஒளியாண்டு என்றார் ஷாப்லி. கர்டிஸ் அதில் பத்தில் ஒரு பங்கு, 30,000 என்றார். இன்றைக்கு நாம் சொல்வது சுமார் ஒரு லட்சம். பால்வீதி மையத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை ஷாப்லி சுமார் 60,000 ஒளியாண்டு என்று வைத்திருந்தார். இன்றைய மதிப்பு 26,000 சொச்சம். இந்தப் பிழைக்குத் தூசி மட்டும் காரணம் இல்லை. மாறொளி விண்மீன்களின் உண்மைப் பிரகாசத்தை அளவுகோலாக நிர்ணயித்ததிலும் தவறு இருந்தது. ஆனால் தூசிக்குப் பெரிய பங்கு உண்டு. மங்கலாகத் தெரிவதெல்லாம் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும் அல்லவா?

ட்ரம்ப்ளரின் வளரும் கொத்துகள்

தூசிக்கான தடயமே அப்போது இல்லை என்றும் சொல்ல முடியாது. எட்வர்ட் எமர்சன் பர்னார்டு பல வருஷங்களாகப் பால்வீதியைப் படமெடுத்து, அதிலிருந்த கரும்பட்டைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். 1919-ல் 182 கரும் பகுதிகளைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அவை விண்மீன்களே இல்லாத ஓட்டைகளா, முன்னால் நின்று மறைக்கும் மேகங்களா என்பதில் அவருக்கே நீண்ட காலம் தயக்கம் இருந்தது. கடைசியில் பலவும் மறைக்கும் மேகங்கள்தான் என்ற பக்கம் வந்து சேர்ந்தார். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேகம் இருப்பது வேறு, பால்வீதித் தளம் முழுக்கத் தூசி மெல்லிசாகப் பரவி இருப்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அவர் ராபர்ட் ட்ரம்ப்ளர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர் கையில் எடுத்தது கோளகக் கொத்துகளை அல்ல, பால்வீதித் தளத்திலேயே கிடக்கும் திறந்த கொத்துகளை. சுமார் 100 கொத்துகளுக்குத் தூரத்தை இரண்டு வழியில் பார்த்தார். ஒன்று, விண்மீன்களின் பிரகாசத்தை வைத்து. இரண்டாவது, கொத்து வானத்தில் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதை வைத்து. ஒரே வகைக் கொத்துகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் என்று கொண்டால், தூரம் போகப் போகச் சிறியதாகத் தெரிய வேண்டும்.

இரண்டு வழியும் ஒத்துப்போகவில்லை. பிரகாசத்தை வைத்துக் கிடைத்த தூரத்தை நம்பினால் விசித்திரமான ஒரு முடிவு வந்தது. சூரியனிலிருந்து தள்ளிப்போகப் போகக் கொத்துகள் பெரிசாகிக்கொண்டே போயின, அதுவும் எல்லாத் திசையிலும்! சூரியன் என்ன அவ்வளவு பெரிய ஆளா, அதை மையமாக வைத்துக் கொத்துகள் வளர்வதற்கு? ட்ரம்ப்ளர் எளிய விளக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். கொத்துகள் வளரவில்லை. நடுவில் ஏதோ ஒன்று ஒளியை விழுங்குகிறது. அதனால் கொத்துகள் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வருகிறது. விழுங்கும் அந்தப் பொருள் பால்வீதித் தளத்தை ஒட்டி மெல்லிய அடுக்காகப் பரவியிருக்கிறது. 1930-ல் இதை வெளியிட்டார்.

ஷாப்லியின் காலிப் பட்டைக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. அங்கே கொத்துகள் இல்லாமல் போகவில்லை. தூசி மறைக்கிறது.

ஷாப்லியும் ட்ரம்ப்ளரும் வெவ்வேறு திசையில் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. இருவரும் நேர்மையானவர்கள், கவனமாக அளந்தவர்கள். ஒருவர் தூசி இல்லாத பக்கம் சோதித்தார், மற்றவர் தூசிக்குள்ளேயே நின்று சோதித்தார்.

லியோனில் ஒரு குழப்பம்

தூசி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பது எப்படி? முதல் வழி, தூசியில் இயல்பாக அமைந்த இடைவெளியைத் தேடுவது. 1940-களில் வால்டர் பாடே தனுசில் என்ஜிசி 6522 என்ற கோளகக் கொத்தை ஒட்டித் தூசி கொஞ்சம் விலகியிருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியாகப் பால்வீதியின் மையப் புடைப்பில் உள்ள விண்மீன்களை ஆராய்ந்தார். இன்றும் அதற்குப் பாடே ஜன்னல் என்றே பெயர்.

இரண்டாவது வழி, சிவப்பு ஒளிக்கும் அதற்கு அப்பாலும் போவது. அலைநீளம் கூடக் கூடத் தூசியின் மறைப்புக் குறையும். டெர்சான் 5-ஐக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 600-ல் ஒரு பங்காகக் குறைக்கும் அதே தூசி, 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் ஏறக்குறையப் பாதி ஒளியை விட்டுவிடுகிறது. சல்லடை ஒன்றுதான். மாவு போகும், நொய் நிற்கும். இங்கே நீளமான அலை போகும், குட்டை அலை நிற்கும்.

1960-களில் பிரான்ஸின் லியோன் வானாய்வகத்தில் ஆகோப் டெர்சான் என்ற ஆர்மீனிய வம்சாவளி வானியலாளர் பால்வீதி மையத் திசையை எடுத்த ஒளிப்படத் தகடுகளை அலசிக்கொண்டிருந்தார். இதில் ஒரு சிரமம் இருக்கிறது. லியோனின் அட்சரேகையில் தனுசின் இந்தப் பகுதி அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தைத் தாண்டாது. கனத்த காற்று மண்டலத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் அதே இடம் 50 டிகிரிக்கு மேல் ஏறும். இப்படி ஒரு பாதகமான இடத்திலிருந்து அவர் 11 கோளகக் கொத்துகளைக் கண்டுபிடித்தார். எல்லாமே தூசியில் மங்கியவை.

பதினொன்று என்கிறேன், ஆனால் பட்டியல் டெர்சான் 12 வரை போகிறது. அது ஒரு சுவையான கதை. டெர்சான் 1968-ல் ஐந்தாவது கொத்தை அறிவித்தபோது அதன் ஆயத்தொலைவு தவறாகப் பதிவாகிவிட்டது. பிறகு எடுத்த தகடுகளில் அதே கொத்தை மறுபடியும் பார்த்தார். பழைய குறிப்பில் இடம் வேறாக இருந்ததால் இதைப் புதிது என்று நினைத்து டெர்சான் 11 என்று பெயர் வைத்தார். 1971-ல் திருத்தப்போய், 12-ஆம் எண்ணில் இருந்ததை 11 ஆக்கினார். குழப்பம் இன்னும் கூடியது. 1972-ல் ஐவன் கிங் என்ற அமெரிக்க வானியலாளர் இதைக் கவனித்து, 11 என்ற எண்ணையே விட்டுவிடுவோம், 5 என்றும் 12 என்றும் மட்டும் சொல்வோம் என்று யோசனை சொன்னார். அதுதான் நிலைத்தது. இன்றைக்கும் பட்டியலில் 10-க்கு அடுத்தது 12.

இதை டெர்சானைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு பொருளை ஒருவர் இரண்டு தடவை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அது எவ்வளவு மங்கலாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தகட்டில் லட்சம் புள்ளிகளுக்கு நடுவே லேசான ஒரு கறை. அதைக் கண்ணால் தேடி எடுத்த வேலை இது.

கறைக்குள் இருந்தது

பெயர் வைத்த பிறகும் டெர்சான் 5-ஐ யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கவனத்தைத் திருப்பியது ஒளி அல்ல. 1980-ல் ஜப்பானின் ஹகுச்சோ செயற்கைக்கோள் அங்கிருந்து எக்ஸ்கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்தது. அடுத்து ரேடியோ அலை. ரேடியோவுக்குத் தூசி என்பது இல்லாத மாதிரிதான். அந்த அலைநீளத்துக்கு முன் மைக்ரான் துகள் ஒரு பொருட்டே அல்ல.

2005-ல் ஸ்காட் ரான்சம் குழுவினர் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியால் இந்த ஒரே கொத்தில் 21 புதிய மில்லிசெகண்ட் பல்சர்களை அறிவித்தார்கள். பல்சர் என்பது வெடித்துச் செத்த பெரிய விண்மீனின் மிச்சமான நியூட்ரான் விண்மீன். சுழலும்போது கலங்கரை விளக்கம் மாதிரி ரேடியோ கதிரை வீசும். 2004 நவம்பரில், அப்போது ஆய்வு மாணவராக இருந்த ஜேசன் ஹெசல்ஸ் அங்கே இன்னொரு பல்சரைக் கண்டார். நொடிக்கு 716 சுற்று. 1982-லிருந்து நொடிக்கு 642 சுற்று என்பதுதான் உச்சமாக இருந்தது. 2006-ல் வெளியான இந்த 716 இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. ஒரு நகரத்தின் அகலமே உள்ள, சூரியனைவிட எடை கூடிய ஒரு பொருள், நாம் வீட்டில் ஓட்டும் மிக்ஸியைவிட வேகமாகச் சுற்றுகிறது!

ஏன் இங்கே இத்தனை? கொத்தின் மையத்தில் அவ்வளவு நெரிசல். விண்மீன்கள் அடிக்கடி ஒன்றையொன்று நெருங்கும். செத்துக் கிடக்கும் நியூட்ரான் விண்மீனுக்குப் புதிய ஜோடி கிடைக்கும். ஜோடியிடமிருந்து வாயு வந்து விழ விழ, அதன் சுழற்சி வேகமெடுக்கும். 2024 கணக்குப்படி டெர்சான் 5-ல் 49 பல்சர்கள். வேறெந்தக் கோளகக் கொத்திலும் இவ்வளவு இல்லை.

ஆனால் பெரிய அதிர்ச்சி அகச்சிவப்பில்தான் வந்தது. கோளகக் கொத்துகளைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் வரும் வாக்கியம்: அதிலுள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை, மிகப் பழையவை. 2009-ல் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ ஃபெர்ராரோவும் குழுவினரும் சிலியிலிருந்து டெர்சான் 5-ஐக் கூர்மையான அகச்சிவப்புப் படமாக எடுத்தபோது, அதில் இரண்டு வகை விண்மீன் கூட்டம் தெரிந்தது. இரும்பின் அளவு இரண்டிலும் வேறு வேறு. 2016-ல் ஹபிள், கெக் தொலைநோக்கிகளின் படங்களையும் சேர்த்து வயதைக் கணித்தார்கள். ஒன்று 1,200 கோடி வருஷம். இன்னொன்று 450 கோடி வருஷம். இரண்டாவது கூட்டம் பிறந்த காலம் கிட்டத்தட்ட நம்ம சூரியன் பிறந்த காலம்.

நடுவில் சுமார் 700 கோடி வருஷ இடைவெளி. சாதாரணக் கோளகக் கொத்தால் அவ்வளவு காலம் வாயுவைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆகவே இது ஆரம்பத்தில் இப்போதைவிட மிகப் பெரிய ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது ஃபெர்ராரோ குழுவின் வாதம். இங்குள்ள விண்மீன்களின் வேதிச் சேர்க்கை பால்வீதி மையப் புடைப்பின் விண்மீன்களோடு ஒத்துப்போகிறது. அதனால் அந்தப் புடைப்பைக் கட்டிய ஆதிக் கட்டிகளில் கரையாமல் தப்பிய ஒரு துண்டு இது என்கிறார்கள். மாற்றுக் கருத்தும் உண்டு. பழைய கொத்து ஒன்று வழியில் பெரிய வாயு மேகத்தோடு மோதி, அதிலிருந்து இரண்டாம் தலைமுறையைப் பெற்றிருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

2021-ல் லில்லர் 1 என்ற கொத்திலும் இதே மாதிரி கிழடும் இளசும் கலந்திருப்பதை இதே குழு காட்டியது. அதுவும் தூசிக்குப் பின்னால் கிடப்பதுதான். 1970-களில் ஒரு விசித்திரமான எக்ஸ்கதிர் மூலம் எங்கே இருக்கிறது என்று தேடப்போன வில்லியம் லில்லர் கண்டுபிடித்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கிறது. கோளகக் கொத்து என்றால் இப்படித்தான் என்ற விதியை நாம் எதிலிருந்து எடுத்தோம்? எம் 13, எம் 22 போன்ற, சுலபமாகத் தெரியும் கொத்துகளிலிருந்து. விதிக்கு அடங்காத இரண்டும் தூசிக்குள் இருந்தன. ஷாப்லி தூசி இல்லாத திசையில் சோதித்து விண்வெளி முழுக்கத் தெளிவு என்றார். அவருக்குப் பிறகு வந்தவர்கள், தூசி உண்டென்று நன்றாகத் தெரிந்தும், தெரிகிற கொத்துகளை வைத்தே எல்லாக் கொத்துக்கும் இலக்கணம் எழுதினார்கள்.

2004-ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களில் அதுவரை யாருக்கும் தெரியாத கோளகக் கொத்து ஒன்று கிடைத்தது. கிளிம்ப்ஸ் சி01 என்று பெயர். அதற்குப் பிறகு சிலியிலிருந்து நடந்த அகச்சிவப்பு அளவாய்வுகளிலும் புதிய கொத்துகள் அகப்பட்டன. இப்போது பட்டியலில் 150-க்கு மேல். பால்வீதி மையத்துக்கு அந்தப் பக்கம், தூசியின் முழுக் கனத்துக்கும் பின்னால் இன்னும் சில இருக்கத்தான் வேண்டும். அவற்றை இன்னும் காணோம். சொல்லின் நேர்ப்பொருளில் மட்டும்.